தூண்டில் முனையில் தொங்கும் பொறுப்பு

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழா நடைபெற்றது. அவ்விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஓர் இலக்கை முன்வைத்தார். பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பதே அந்த இலக்கு. அப்போது அந்த ஆறுகள் குப்பையும் கழிவும் நிறைந்து, துர்நாற்றம் வீசிக்கொண்டிருந்தன. பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு இடம் மாறினர். ஆற்றங்கரையில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டன. 1987இல் அந்தத் துப்புரவுப் பணி நிறைவடைந்தது.

நீர் தூய்மையானதா என்பதைக் காட்ட அன்று எடுத்துக்கொள்ளப்பட்ட அடையாளம் மீன். மீன் வாழும் நீரே நல்ல நீர் என்பது எல்லாருக்கும் எளிதில் புரியும் உண்மை. இன்று பிடோக், மெக்ரிச்சி, கீழ் பியர்ஸ், கீழ் சிலேத்தார் ஆகிய நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பதற்கென்றே இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வார இறுதிகளில் அங்கு இளையர்கள் தூண்டில் கோலுடன் நிற்பதைக் காணலாம். அவர்களுடைய சிறிய பெட்டிகளில் பல நிறங்களில் புழுக்கள், மீன் குஞ்சுகள், இறால்கள், தவளைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றுகூட உயிருள்ளது அன்று. எல்லாம் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை.

இந்த மென்பிளாஸ்டிக் இரைகளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் மீனை மனத்தில் வைத்தே பதில் சொல்வார்கள். எந்த நிறத்துக்கு மீன் வரும், எந்த வடிவத்தை அது கடிக்கும் என்று விளக்குவார்கள். ஆனால், சிங்கப்பூர் போன்ற ஒரு நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு. மீனைப் பற்றி மட்டுமன்றி, மீன் வாழும் நீரைப் பற்றியும் சிந்தித்து இரையைத் தேர்ந்தெடுப்பவரே நல்ல தூண்டிற்காரர். எத்தனை மீன் பிடித்தார் என்பதைக் காட்டிலும், நீரில் எதை விட்டுவந்தார் என்பதே அவருடைய திறமைக்குச் சரியான அளவுகோல்.

இதற்குக் காரணம் எளியது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்கள் வெறும் பொழுதுபோக்கு இடங்கள் அல்ல; அவை குடிநீரின் ஊற்றுக்கண்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதியாக உள்ளது. அந்த நீர் 17 நீர்த்தேக்கங்களில் தேக்கி வைக்கப்படுகிறது. லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்ளலாம். சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வடிகால்கள் வழியாகத் தேக்காச் சந்தைக்கு அருகில் ஓடும் ரோச்சோர் கால்வாயில் சேர்கிறது. அங்கிருந்து காலாங் நீர்ப்பரப்பை அடைந்து, முடிவில் மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு அந்த நீரைக் கடலில் கலக்கவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. இந்த ஒரு நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி மட்டும் 10,000 ஹெக்டர். அதாவது, நாட்டின் பரப்பளவில் ஆறில் ஒரு பங்கு. தேக்காவில் வடிகாலில் விழும் ஒரு பொருள்கூடக் குடிநீர் செல்லும் வழியில்தான் விழுகிறது. அப்படியிருக்க, நீர்த்தேக்கத்துக்குள்ளேயே விட்டுவிடப்படும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இதனால்தான் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்போர் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. உயிருள்ள புழுவையும் இறாலையும் மாவு உருண்டையையும் பலர் நீரில் கொட்டினால், அவை அழுகி நீரின் தரத்தைக் கெடுக்கும். இரைக்காகக் கொண்டுவரப்படும் உயிரினங்கள் தப்பித்து, அங்கேயே பெருகிவிடவும் கூடும். அயல் உயிரினங்கள் எப்படி வேரூன்றும் என்பதற்கு ‘பீகாக் பாஸ்’ என்னும் மீனே சான்று. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன், மனிதர்களின் செயலால் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களுக்கு வந்து, இன்று அங்கே நிலைத்துவிட்டது. ஆகவே, செயற்கை இரை என்னும் விதி பொருள் பொதிந்தது.

ஆனால், ஒரு விதி ஒரு தீங்கைத் தடுக்கும்போது, வேறொரு கடமையையும் பிறப்பிக்கிறது. உயிருள்ள புழு தவறி நீரில் விழுந்தால் சில நாள்களில் மட்கிப்போகும். பிளாஸ்டிக் புழு அப்படி மட்காது.

மென்பிளாஸ்டிக் இரையின் வரலாறு ஒரு வீட்டின் சமையலறையில் தொடங்கியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவர், 1949இல் தம் மனைவியுடன் சேர்ந்து வீட்டு அடுப்பிலேயே பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் ஊற்றிப் புழுக்களைச் செய்தார். மரத்தாலும் உலோகத்தாலும் செய்த இரைகளைவிட இவை உயிருள்ளவை போலவே நெளிந்தன. மீனின் வாயில் அவை மெத்தென்று இருந்தன. அதனால் மீன் அவற்றை உடனே துப்பிவிடாமல் சற்று நேரம் பற்றிக்கொண்டது. அந்தச் சிறு கால இடைவெளியே மீன்பிடிப்பவருக்குப் பெரிய வாய்ப்பானது.

இன்று கடைகளில் கிடைக்கும் மென்பிளாஸ்டிக் இரைகளுள் பெரும்பாலானவை பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இயல்பில் பிவிசி கடினமானது. தண்ணீர்க் குழாய்கள் செய்யப் பயன்படுவதும் அதுவே. அதை ரப்பர் போல் மென்மையாக்க எண்ணெய் போன்ற வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். இரையைத் தொட்டால் கையில் பிசுபிசுப்பது இதனால்தான்.

இவ்வாறு மென்மையாக்கப்பட்ட இரையை மீன் விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொட்டியில் வளர்த்த ‘புரூக் டிரௌட்’ மீன்களுக்கு முன்னால் அவர்கள் மென்பிளாஸ்டிக் இரைகளை முள் இல்லாமல் போட்டார்கள். பல மீன்கள் அவற்றைத் தாமாகவே விழுங்கின. சில மீன்களின் வயிற்றில் அந்த இரைகள் வாரக் கணக்கில் தங்கின. அம்மீன்கள் சரியாக உண்ணாமல் எடை குறைந்தன. வள்ளுவர் சூதாட்டத்தின் தீமையை விளக்கும்போது, தூண்டில் முள்ளை இரை என்று எண்ணி விழுங்கும் மீனை உவமையாகக் காட்டினார். இங்கோ முள்ளே தேவையில்லை. நீரடியில் கிடக்கும் வெறும் பிளாஸ்டிக்கே மீனுக்கு ஏமாற்றாக அமைந்துவிடுகிறது.

மேய்ன் மாநிலத்தில் 2013இல் இத்தகைய இரைகளைத் தடைசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்று கொண்டுவரப்பட்டது. மீன்பிடிப்போர் பலர் அதை எதிர்த்தனர். தடை நிறைவேறவில்லை, மாறாக, சிக்கலை மேலும் ஆராயும்படி அரசுத் துறை பணிக்கப்பட்டது.

சிங்கப்பூரிலும் தடை விதித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அது சரியான தீர்வு ஆகாது. மென்பிளாஸ்டிக்கைத் தடுத்தால் மீன்பிடிப்போர் கடினமான பிளாஸ்டிக் இரைகளுக்கு மாறுவர். அவற்றுள் பலவற்றில் மூன்று கொக்கிகள் ஒன்றாகப் பிணைந்த மும்முள் இருக்கும். சிலவற்றில் இரண்டு மும்முட்கள் தொங்கும். அத்தகைய இரை ஒன்று அறுந்து கரையோரத்தில் கிடந்தால் நீர்நாய்க்கும் உடும்புக்கும் ஆமைக்கும் பெருந்தீங்கு நேரும். வெறுங்காலுடன் வரும் குழந்தைகளுக்கும் ஆபத்து. மென்பிளாஸ்டிக் இரைக்கோ பெரும்பாலும் ஒற்றை முள்ளே போதும். உயிருள்ள இரைக்குத் திரும்புவதும் முறையன்று. தமிழ்நாட்டுக் குளங்களில் விரால் பிடிப்பதற்கு ஒரு காலத்தில் உயிருள்ள தவளையைத் தூண்டில் முள்ளில் கோத்தார்கள். இன்று பலர் அதற்குப் பதில் ரப்பர் தவளையைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் உயிரைத் துன்புறுத்தாமல் இருப்பது முன்னேற்றமே.

ஆகவே, குற்றம் இரையில் இல்லை; அதை இழப்பதிலும் எறிவதிலும்தான் இருக்கிறது. அந்த இழப்பைக் குறைப்பது சரியான தேர்விலிருந்தே தொடங்குகிறது.

முதலில் அளவு. பெரிய இரைக்குப் பெரிய மீன் வரும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். உண்மையில், அந்த நீரில் வாழும் மீன் எதை உண்கிறதோ, அதன் அளவை ஒத்த இரையே நன்கு பயன்படும். சிறு மீன்களைத் துரத்தும் பீகாக் பாஸ் மீனுக்கு இரண்டு முதல் நான்கு அங்குல நீளமுள்ள இரை போதும். தேவைக்கு மேல் நீளமான இரையின் வாலை மட்டும் மீன் கடித்துக்கொண்டு போய்விடும். அப்போது மீனும் கிடைக்காது. பிளாஸ்டிக் துண்டும் நீரில் தங்கிவிடும்.

அடுத்தது நிறம். தெளிந்த நீரில் இயற்கையான பச்சை, பழுப்பு, வெள்ளி நிறங்கள் ஏற்றவை. கனமழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும்போது, நிழலுருவம் தெளிவாகத் தெரியும் கரிய நிறமோ பளிச்சென்ற மஞ்சளோ உதவும். இந்த அடிப்படையை அறிந்தவருக்கு நான்கைந்து நிறங்களே போதும். அறியாதவர் விளம்பரங்களைப் பார்த்து இருபது நிறங்களை வாங்கிக் குவிப்பார். பெட்டி நிறைய இருந்தால் ஒன்றிரண்டு தொலைந்ததுகூடத் தெரியாது.

மூன்றாவது முள்ளைக் கோக்கும் முறை. நீர்த்தேக்கங்களின் ஓரங்களில் பாசியும் செடியும் மூழ்கிய கிளைகளும் மிகுதி. முள்ளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது எதிலாவது மாட்டிக்கொள்ளும். முனையை இரையின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் முறை ஒன்று உண்டு. மீன் கடிக்கும்போது மென்மையான உடல் அமுங்கி, முனை வெளியே வரும். அதுவரை இரை செடிகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு வரும். கடினமான இரைகளில் இது இயலாது. மென்பிளாஸ்டிக்கின் தனிச் சிறப்பே இதுதான்.

நான்காவது எடை. இரையை நீரில் மூழ்கச்செய்ய, முள்ளின் தலைப்பகுதியில் ஓர் எடை சேர்க்கப்படுகிறது. எடை கூடினால் இரை தூரம் போகும். ஆனால் விரைந்து மூழ்கி, கற்களுக்கிடையில் சிக்கும். எடை குறைவாக இருந்தால் இரை உண்மையான சிறு மீனைப் போல மெல்ல இறங்கும். ஆழமில்லாத கரையோரத்தில் அதுவே நல்லது. எடை எந்த உலோகத்தால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். ஈயம் நச்சுத்தன்மை உடையது. ஆற்றில் கிடந்த ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், இங்கிலாந்தில் 1987இல் மீன்பிடிப்புக்கான ஈய எடைகளுள் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன. ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் உலோகத்தால் ஆன எடைகளும் விற்கப்படுகின்றன.

டங்ஸ்டன் விலை அதிகம். கைச்செலவுப் பணத்தைச் சேமித்து மீன்பிடிக்க வரும் மாணவருக்கு அது கட்டுப்படியாகாது என்று சிலர் மறுக்கலாம். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், இழப்பைக் குறைக்கக் கற்றுக்கொண்டவர் அடிக்கடி புதிய எடைகளை வாங்க வேண்டியதில்லை. மாதம் பத்து ஈய எடைகளைத் தொலைப்பவரைவிட, ஒரே டங்ஸ்டன் எடையைப் பல மாதங்கள் பாதுகாப்பவருக்குச் செலவு குறையும். முள்ளின் முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடு கொண்டு அமுக்கிவிடுவதற்கோ ஒரு காசும் செலவில்லை. எதிர்முள் இல்லாத முள்ளை மீனின் வாயிலிருந்து எளிதாகக் கழற்றலாம். அந்த முள் தவறி விரலில் குத்தினாலும் எளிதில் வெளியே வரும்.

தேர்வுக்கு அடுத்தது பயன்பாடு. தூண்டிலை வீசுமுன் பின்னால் யாரேனும் நடக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் மரக்கிளை உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். நரம்பில் முடிச்சுப் போடும்போது, இறுக்குவதற்கு முன் அதைச் சற்று ஈரப்படுத்தினால் உராய்வு குறைந்து முடிச்சு உறுதியாகும். பல இரைகள் தொலைவதற்குக் காரணம் மீனின் வலிமை அன்று, முடிச்சின் வலிமையின்மையே.

இரை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பலர் ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுப்பார்கள். அப்போது முள் இன்னும் ஆழமாகப் பதியும். நரம்பைத் தளர்த்தி, கரையோரமாகச் சில அடி நடந்து, வேறு கோணத்திலிருந்து மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். பதறாத காரியம் சிதறாது. இரையோடு இணையும் கடைசிப் பகுதியில் சற்று வலுக்குறைந்த நரம்பைப் பயன்படுத்துவதும் நல்லது. அறுக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அது இரைக்கு அருகிலேயே அறுந்து, நீண்ட நரம்பு நீரில் தங்காமல் திரும்பி வரும். நீரில் மிதக்கும் நரம்பு, பறவையின் காலையும் நீர்நாயின் கழுத்தையும் சுற்றிக்கொள்ளக் கூடியது.

மீன் கடித்ததை உணர்ந்தவுடன் தாமதமின்றிச் செயல்பட வேண்டும். மென்பிளாஸ்டிக் இரையை மீன் எளிதில் துப்பாது என்பதால், கவனக்குறைவாக இருந்தால் அதை ஆழமாக விழுங்கிவிடும். நரம்பை எப்போதும் தொய்வில்லாமல் வைத்திருப்பவர் கடியை உடனே உணர்வார்.

கிழிந்த இரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ரப்பர் புழுவின் தலைப்பகுதி கிழிந்தால், அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மீதியைக் கோக்கலாம். அதன் பிறகும் பயன்படாத துண்டுகளைத் தனிப் பையில் போட்டுக் குப்பைத்தொட்டியில் சேர்க்கலாம். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் இரைகளை ஒரே பெட்டியில் ஒன்றாக வைத்தால், சில வகைகள் ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கிவிடும். அவற்றைப் பிரித்து வைப்பவர் வீணாக்குவதில்லை. “மட்கக்கூடியது” என்று எழுதப்பட்ட இரைகளும் இப்போது வருகின்றன. அவை வரவேற்கத்தக்கவை. ஆனால், அந்தச் சொல் நீரில் எறிவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. அத்தகைய இரையில் கோத்த முள் மட்காது.

இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மீன்பிடிப்பதற்குச் சிறந்த தேர்வும் நீரைக் காப்பதற்குச் சிறந்த தேர்வும் வேறு வேறு அல்ல. ஏற்ற அளவு, ஏற்ற எடை, மறைந்த முள், உறுதியான முடிச்சு ஆகியவை மீனையும் கொண்டுவரும். இரையையும் திரும்பக் கொண்டுவரும். திறமை வளர வளர, இழப்பு குறையும். அடிக்கடி இரையை இழப்பவர் தம்மைத் துணிச்சல்காரர் என்று எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவர் இன்னும் கற்க வேண்டியவர்.

ஒரு சிறிய ரப்பர் புழுவால் இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்துக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று ஒருவர் கேட்கலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் பொருந்தும் பழமொழி அன்று. ஒருவர் ஒரு நாளில் இழப்பது ஒன்றாக இருக்கலாம். ஆனால், அதே கரையில் ஆண்டு முழுவதும் பலர் நிற்கிறார்கள். காலாங் ஆறு ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. ஒவ்வொருவரும் கொட்டிய சிறிதளவு கழிவே அதைக் கெடுத்தது. அதைத் தூய்மைப்படுத்தப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

விதிகளை அறிவிப்புப் பலகைகள் சொல்லும். எங்கே மீன்பிடிக்கலாம், எந்த இரையைப் பயன்படுத்தலாம் என்று அவை தெரிவிக்கும். ஆனால், நீருக்கடியில் சிக்கிய இரையை ஒருவர் பொறுமையாக விடுவித்தாரா, அல்லது நரம்பை அறுத்துவிட்டு அடுத்த இரையைக் கோத்தாரா என்பதை எந்த அதிகாரியாலும் பார்க்க முடியாது. அங்கே விதி முடிந்து, மனச்சான்று தொடங்குகிறது.

அதற்கு ஓர் எளிய பழக்கம் போதும். நீர்த்தேக்கத்துக்குப் புறப்படும்போது பெட்டியில் எத்தனை இரைகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு திரும்புமுன், கிழிந்த துண்டுகளையும் சேர்த்து மீண்டும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றாக இருந்தால், அன்று ஒரு மீன்கூடச் சிக்காவிட்டாலும் அது நல்ல நாளே. எண்ணிக்கை குறைந்தால், எங்கே, ஏன் குறைந்தது என்று சிந்திப்பவர் அடுத்த வாரம் இன்னும் தேர்ந்த தூண்டிற்காரராக வருவார்.